முதல் நூல் எழுதுவோர்க்கு

நம் சமுதாயத்தில் நூல் எழுத விரும்பும் இளைஞர் தொகை ஆண்டுக்கு ஆண்டு பெருகி வருகிறது. மகிழ்ச்சிக்குரிய செய்திதான். ஆயினும், எழுதியவர் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் கட்டுப் பிரிக்கப்படாமல் கிடக்கும் நூல்களின் தொகையும் அதே அளவில் பெருகி வருகிறது என்பதை யார் மறுக்க இயலும்? உசிலம்பட்டியில் அரபியும் தமிழும் கற்பித்து வரும் நமக்கு இவ்விரண்டையும் அருகிலிருந்து காணும் வாய்ப்பு உண்டு. "எழுதி முடித்துவிட்டேன் ஹஜ்ரத், இனி என்ன செய்வது?" என்று கேட்டு வருவோர்க்குத் தனித்தனியே நாம் சொல்லி வந்தவற்றை ஈண்டு ஒருசேரச் சொல்ல முற்படுகிறோம்.

சொல்ல வேண்டிய கருத்து ஒன்றே ஒன்றுதான். நம் முன்னோர் காலத்தில் ஒரு நூல் முதலில் செவிகளால் கேட்கப்பட்டது, பின்னர்த் திருத்தப்பட்டது, அதன் பின்னர்ப் பலர் கைகளால் தாங்கப்பட்டது. ஏட்டிலோ தாளிலோ பெருகியது கடைசியில்தான். இன்று நாம் இந்த வரிசையைத் தலைகீழாக்கிவிட்டோம். முதலில் அச்சிடுகிறோம், பிறகு கேட்பாரைத் தேடுகிறோம். புதிய எழுத்தாளர் படும் இடர்களுள் பெரும்பாலானவை இந்த வரிசைப் பிழையிலிருந்து பிறப்பவை என்பது நம் கருத்து.

சீறா நடந்த வழி

சீறாப்புராணத்தின் வரலாற்றை எடுத்துக்கொள்வோம். எட்டயபுரத்து அரசவைப் புலவராகத் திகழ்ந்த உமறுப் புலவர், கீழக்கரை வள்ளல் சீதக்காதியின் வேண்டுகோளை ஏற்று இக்காப்பியத்தைத் தொடங்கினார். தமிழ் அவரிடம் நிறைந்திருந்தது. ஆனால் அண்ணலாரின் வாழ்க்கைச் செய்திகள் அரபி மொழி நூல்களில் அல்லவா இருந்தன? அவற்றைப் பெறுவதற்கு அவர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்களை நாடினார். அப்பா அவர்கள் முதலில் இசையவில்லை என்றும், பின்னரே இசைந்தார்கள் என்றும் மரபுச் செய்தி கூறுகிறது. காப்பியம் நிறைவெய்துமுன் சீதக்காதி மறைந்தார். அதன் பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். அரங்கேற்றமும் நடந்தது. அந்த வள்ளலின் பெயர் காப்பியத்துக்குள் பல இடங்களில் நன்றியுடன் பாடப்பட்டிருப்பதை இன்றும் காணலாம்.

மூன்று காண்டங்களில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அந்தப் பெருநூல் அச்சேறிய ஆண்டு எது? 1842. காயல்பட்டினத்துப் புலவர் நாயகம் செய்கு அப்துல் காதிர் நயினார் லெப்பை ஆலிம் அவர்கள் அதனைப் பதிப்பித்து வெளியிட்டார்கள். உமறுப் புலவர் 1703-ஆம் ஆண்டில் மறைந்தார் என்பர். அவ்வாறாயின் ஏறத்தாழ 140 ஆண்டுகள் சீறா அச்சைக் காணாமலேயே வாழ்ந்திருக்கிறது. எப்படி வாழ்ந்தது? விளக்கு வெளிச்சத்தில் ஒருவர் படிக்க, வீட்டார் சூழ்ந்திருந்து கேட்டதனால் வாழ்ந்தது. கேட்டவர்களுள் ஒருவர் ஏட்டில் படி எடுத்துத் தம் ஊருக்குக் கொண்டு போனதனால் வாழ்ந்தது. பிற்காலத்தில் சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அதற்கு உரை கண்டதும் அந்தத் தொடர்ச்சியின் ஒரு கண்ணியே ஆகும்.

புதிய எழுத்தாளர் இதிலிருந்து அறியத்தக்கவை மூன்று. தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் சென்று கேட்கப் புலவர் கூசவில்லை. ஆதரித்தவர் மறைந்தபோதும் பணியைக் கைவிடவில்லை. அவையோர் முன் படிக்காமல் நூலை வெளியே விடவில்லை.

செவியால் சான்றளித்தல்

அரபி மொழி உலகிலும் இதே முறைதான் நிலவியது. ஹதீஸ் கலையைக் கற்போர் 'ஸமாஉ' என்ற சொல்லை அறிவர். கேட்டல் என்பது அதன் பொருள். ஆசிரியர் பள்ளிவாசலில் அமர்ந்து தம் நூலைச் சொல்ல, மாணவர் எழுதிக்கொள்வர். அல்லது ஒருவர் படிக்க ஆசிரியர் செவிமடுத்துத் திருத்துவார். எழுதிய படியை மூலப்படியுடன் ஒப்பிட்டுப் பார்க்கும் செயலுக்கு 'முகாபலா' என்று பெயர். எந்த ஊரில், எந்த நாளில், யார் யார் கேட்டனர் என்பதைச் சுவடியின் ஓரத்திலோ இறுதியிலோ பெயர் பெயராக எழுதி வைப்பர். பிறருக்குக் கற்பிக்க ஆசிரியர் தரும் இசைவுக்கு 'இஜாஸத்' என்று பெயர். ஆக, நூலின் பெருமையை ஆசிரியர் தாமே பறைசாற்றவில்லை. கேட்டவர்கள் சான்றளித்தார்கள், கேட்டவர்களே ஊர் ஊராகக் கொண்டு சென்றார்கள்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் 'அர்ரிஸாலா' என்னும் நூலை அவர்களிடமே எண்பது முறை படித்துக் காட்டியதாகவும், ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு பிழை தென்பட்டதாகவும், அவர்களின் மாணவர் முஸனீ (ரஹ்) வாயிலாக ஒரு செய்தி வழங்கி வருகிறது. இறைவேதம் ஒன்றைத் தவிர வேறு எந்நூலும் பிழையினின்று நீங்கியதாக இராது என்பது இமாம் அவர்கள் அதிலிருந்து கண்ட முடிவு. எண்பது முறை! ஒரே முறைகூடப் பிறர் செவியில் விழாத கையெழுத்துப் படியை அச்சகத்துக்கு அனுப்பும் நம் இளைஞர் இதைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டாவா?

வளையலும் கையெழுத்துப் படியும்

கீழக்கரைக்கும் காயலுக்கும் நாகூருக்கும் வள்ளல்களும் புலவர்களும் வாய்த்தனர். மதுரைக்கு மேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில், தேனிக்குச் செல்லும் சாலையில் அமைந்துள்ள நம் ஊருக்கோ மரக்கலமும் இல்லை, மரைக்காயரும் இல்லை. சிறு வணிகம் செய்து பிழைக்கும் குடும்பங்களே இங்குள்ளவை. இத்தகைய ஊரில் ஒரு நூல் எவ்வாறு பிறக்கும் என்பதற்கு நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம்.

நம்மிடம் ஓதிய மாணவர் ஒருவர் செல்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறார். அவருடைய நன்னா, துணி மூட்டையைத் தோளில் சுமந்தும் பின்னாளில் மிதிவண்டியில் கட்டியும் எழுமலை, உத்தப்பநாயக்கனூர், கருமாத்தூர்ப் பக்கத்துச் சிற்றூர்களில் விற்றவர். துணியைக் கடனாகக் கொடுத்துவிட்டுக் கதிர் அறுத்த பின் காசு வாங்கி வருவார். அவ்வூர் மக்களும் அவரும் மாமன், மாப்பிள்ளை என்று முறை வைத்து அழைத்துக்கொண்டவர்கள். அந்த வாழ்க்கையைப் பேரர் எழுதியிருந்தார். 160 பக்கம் வரும். ஒரு பாரத்துக்கு 16 பக்கம் என்ற கணக்கில் பத்துப் பாரம்.

வெளியூர்ப் பதிப்பகம் ஒன்று 500 படிகள் அச்சிட 80,000 ரூபாய் கேட்டது. அதில் 50 படிகள் மட்டுமே இவர் கைக்கு வரும். நூலின் உரிமையோ அவர்களுக்கு. இவர் இசைந்துவிடும் நிலையில் நம்மைக் காண வந்தார்.

"அம்மா வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டார்கள் ஹஜ்ரத். அடகு வைக்கலாமா?"

வட்டிக்கு அடகு வைப்பது ஆகாது என்பது அவருக்கே தெரியும். எனவே நாம் வேறொன்று கேட்டோம். "தம்பி, எழுதியதை இதுவரை யாருக்குப் படித்துக் காட்டினாய்?"

"யாருக்கும் இல்லை ஹஜ்ரத். அச்சான பிறகு எல்லோரும் படிக்கட்டும் என்று இருந்தேன்."

"அப்படியானால் வளையல் அம்மா கையிலேயே இருக்கட்டும். இஷாவுக்குப் பிறகு உன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்து வை. நாம் வருகிறோம்."

ஏழு இரவுகள் அவர் படித்தார். நாளொன்றுக்குப் பதினைந்து பேர் அளவில் கேட்டோம். பெண்கள் உள்ளறையில் அமர்ந்து கேட்டனர். முதல் இரவே ஒரு முதியவர் இடைமறித்து, "யாரப்பா இந்தப் பாட்டனார்?" என்று கேட்க, கூடம் முழுவதும் சிரித்தது. நன்னாவைப் பாட்டனார் என்றும், அத்தாவைத் தந்தையார் என்றும் தம்பி எழுதியிருந்தார். இலக்கியம் என்றால் வீட்டுச் சொற்களை விலக்க வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் 'நன்னா' திரும்பி வந்தார். நூலுக்கு உயிரும் வந்தது.

இங்கே தோப்பில் முகம்மது மீரான் அவர்களை நினைவுகூர்தல் தகும். தேங்காய்ப்பட்டினத்தில் பிறந்து, மலையாளத்தில் பள்ளிக் கல்வி பெற்று, மிளகாய் வணிகம் செய்தவர் அவர். 'ஒரு கடலோர கிராமத்தின் கதை' என்னும் அவருடைய முதல் நாவல் 'முஸ்லிம் முரசு' இதழில் தொடராக வந்து, 1988-இல் அவராலேயே நூலாக வெளியிடப்பட்டது. தம் கடற்கரை மக்களின் பேச்சை அவர் வெட்கப்பட்டு மறைக்கவில்லை. 1997-இல் 'சாய்வு நாற்காலி' சாகித்திய அகாதெமி பரிசை அவருக்குப் பெற்றுத் தந்தது. வீட்டு மொழியில் எழுதியதனால் அவர் சிறுத்துப் போனாரா?

அடித்த கணக்கு

மூன்றாம் இரவில்தான் உண்மையான சோதனை நேர்ந்தது. இன்று செல்வாக்குடன் வாழும் ஒரு குடும்பத்தின் மூத்தவர், முன்னொரு காலத்தில் நன்னாவிடம் திருமணத்துக்குத் துணி எடுத்துவிட்டுக் கடனே இல்லை என்று மறுத்த செய்தி. ஊரும் பெயரும் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. தம்பி அதை அழுத்தமாகப் படித்தார். நூலிலேயே சிறந்த பகுதி அதுதான் என்பது அவர் எண்ணம். எழுத்தைப் பொறுத்தவரையில் அந்த எண்ணம் தவறும் அன்று.

அப்போது உள்ளறையிலிருந்து அவருடைய நன்னியின் குரல் வந்தது. "அந்தப் பேரை எடுத்துருப்பா. உங்க நன்னாவே அந்தக் கணக்கை அடிச்சுட்டாரு. அவரு அடிச்சதை நீ திரும்ப எழுதப் போறியா?"

கூடத்தில் ஒருவரும் பேசவில்லை. தம்பி மட்டும் மெல்ல, "நடந்தது உண்மைதானே ஹஜ்ரத்? உண்மையை எழுதக் கூடாதா?" என்றார்.

எழுதுவோர் ஒவ்வொருவரும் ஒருநாள் எதிர்கொள்ள வேண்டிய கேள்வி இது. ஒருவரைப் பற்றி அவர் விரும்பாத உண்மையை அவர் இல்லாதபோது சொல்வதே புறம் பேசுதல். பொய்யாயின் அது அவதூறு. ஆனால் ஹதீஸ் அறிஞர்கள் அறிவிப்பாளர்களின் குறைகளைப் பெயர் குறித்தே எழுதி வைத்தார்கள் அல்லவா? ஆம். இன்னாருக்கு நினைவாற்றல் குறைவு, இன்னார் சொல் நம்பத்தக்கதன்று என்று பெருந்தொகுதிகளாக எழுதினார்கள். மார்க்கத்தைப் பாதுகாக்கும் தேவை அங்கே இருந்தது. அத்தேவையின் எல்லையோடு அவர்கள் நின்றும் கொண்டார்கள். துணிக்கடனை மறுத்து மறைந்துபோன ஒரு மனிதரின் பெயரால் யாருக்கு என்ன பாதுகாப்பு? அவர் பேரப்பிள்ளைகள் தெருவில் தலைகுனிவதைத் தவிர வேறென்ன விளையும்? நாம் இவ்வாறு சொன்னோம். முடிவைத் தம்பியிடமே விட்டோம்.

இரண்டு நாள் அவர் அப்பகுதியைப் படிக்கவில்லை. ஆறாம் இரவில் திருத்திக் கொண்டுவந்தார். பெயரும் ஊரும் போயிருந்தன. கடனை மறுத்ததற்குப் பதிலாக, அந்தக் கணக்கின் மேல் நன்னா கோடு கிழித்த இரவு எழுதப்பட்டிருந்தது. முன்னையதைவிட இது சிறந்து நின்றது என்பதைக் கேட்டவர் அனைவரும் உணர்ந்தனர். அச்சான பின் அந்தப் பெயர் கண்ணில் பட்டிருந்தால் 500 படிகளையும் திரும்பப் பெற முடியுமா? செவியால் கேட்ட நூலில் திருத்தம் எழுதுகோலின் ஒரு கோட்டோடு முடிந்தது.

ஐந்தாம் இரவில், நூலில் இடம்பெற்ற சிற்றூர் ஒன்றிலிருந்து தேவர் வீட்டுப் பெரியவர் ஒருவர் கேள்விப்பட்டு வந்திருந்தார். எழுதப் படிக்கத் தெரியாத தம் தாயார் துணிக் கடனைக் கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கணக்கு வைத்திருந்ததை அவர் சொன்னார். நன்னாவின் நோட்டும் தாயாரின் கயிறும் ஒருமுறைகூட மாறுபட்டதில்லையாம். அன்றிரவே அது நூலில் ஏறியது. தனியே எழுதிக்கொண்டிருந்தால் இந்தச் செய்தி கிடைத்திருக்குமா?

பணம் திரட்டும் வழி

இனிப் பணத்துக்கு வருவோம். ஒரு பெருவள்ளல் இல்லாத இடத்தில் பல சிறு வள்ளல்களை நாடுவதே வழி. இதுவும் புதிதன்று. டாக்டர் உ.வே. சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது, அன்பர்களிடம் முன்கூட்டியே கையொப்பம் பெற்றுப் பொருள் திரட்டினார். அப்பெரியாருக்கு இழிவாகத் தோன்றாதது நமக்கு மட்டும் ஏன் தோன்ற வேண்டும்?

ஏழாம் இரவு முடிந்ததும் ஒரு நோட்டு எடுக்கப்பட்டது. விலை 200 ரூபாய். முன்பணம் தந்தோர் 63 பேர். அவர்களுள் 19 பேர் சுற்றுவட்டாரச் சிற்றூர்களைச் சேர்ந்த பிற சமயத்து அன்பர்கள். 12,600 ரூபாய் சேர்ந்தது. தேவைக்கேற்ப அச்சிடும் இக்கால முறையில் 100 படிகள் அச்சிட அத்தொகை போதுமானதாயிற்று. இம்முறையில் படி ஒன்றுக்கு ஆகும் செலவு சற்று மிகுதி. ஆனால் முடங்கும் முதல் மிகக் குறைவு. எஞ்சிய 37 படிகளும் மூன்று திங்களில் தீர்ந்தன. மீண்டும் 100 அச்சாயின. வளையல் அவர் தாயாரின் கையை விட்டு நீங்கவில்லை.

முன்பணம் வாங்குவோர் ஒன்றை மறக்கலாகாது. அது அமானிதம். பெயர், தொகை, நாள் ஆகியவற்றை எழுதிவைக்க வேண்டும். சொன்ன நாளில் நூல் வராவிடில் காரணம் சொல்ல வேண்டும். வரவே வராதாயின் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

ஒப்பந்தமும் பதிவும்

பதிப்பகத்துக்கே கொடுக்க விரும்புவோர் கையெழுத்திடுமுன் ஒப்பந்தத்தை முழுவதும் படிக்க வேண்டும். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி எழுதியவுடனேயே உரிமை எழுதியவருக்கு உண்டு. பதிவு செய்தாலன்றி உரிமை இல்லை என்பது தவறான எண்ணம். அந்த உரிமை ஆசிரியர் வாழ்நாளிலும், அவர் மறைந்த பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்தில் தர வேண்டும். எத்தனை ஆண்டுகளுக்கு என்று குறிப்பிடாவிடில் அதை ஐந்தாண்டு என்றே சட்டம் கொள்ளும். எத்தனை படி, என்ன விலை, ஆசிரியர்க்கு நூற்றுக்கு எவ்வளவு, எப்போது கணக்கு ஆகிய நான்கும் ஒப்பந்தத்தில் இடம்பெறாவிட்டால் கையெழுத்திடாதீர்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்க வேண்டும் என்பது நம் மார்க்கம் கற்பித்த ஒழுங்கு. அதை நூல் விற்பனையில் மட்டும் ஏன் கைவிட வேண்டும்?

தாமே வெளியிடுவோர் பன்னாட்டுத் தர நூல் எண்ணைப் பெறலாம். 13 இலக்கங்கள் கொண்ட இவ்வெண்ணை ராஜா ராம்மோகன் ராய் தேசிய முகமை கட்டணமின்றி வழங்குகிறது. 1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி, வெளியான 30 நாட்களுக்குள் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட பிற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொரு படி அனுப்புதல் வெளியிடுவோர் கடமையாகும். பலர் இதைச் செலவென்று கருதி விட்டுவிடுகின்றனர். நூறு ஆண்டுகள் கழித்து உங்கள் நூலைத் தேடுவோர்க்கு அந்த நான்கு படிகளே எஞ்சியிருக்கக் கூடும் என்பதை எண்ணிப் பாருங்கள். மதுரையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கும், உங்கள் ஊர்க் கிளை நூலகத்துக்கும் ஒவ்வொரு படி கொண்டு போய்க் கொடுங்கள்.

பரப்புதல் என்பது யாது?

நூலைப் பரப்புதல் வேறு; தன்னைப் பரப்புதல் வேறு. பொன்னாடை போர்த்தும் படங்களைச் செல்பேசியில் நாள்தோறும் அனுப்புவதால் நூல் விற்பதில்லை. அதற்குப் பதிலாக, வாரம் ஒருமுறை நூலிலிருந்து ஒரு பக்கத்தை மட்டும் அனுப்புங்கள். முடிந்தால் உங்கள் குரலிலேயே படித்து அனுப்புங்கள். சீறாவை வாழவைத்த வழி இன்று வாட்ஸ்அப்பில் திறந்திருக்கிறது. செவிகள் அப்படியே இருக்கின்றன. ஆனால் முழு நூலையும் அனுப்பிவிட்டு விற்கவில்லையே என்று வருந்தாதீர்கள்.

அணிந்துரைக்காக ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டா. பெரியார் ஒருவர் மனம் உவந்து தந்தால் அது பேறு. நாகூர் சித்தி ஜுனைதா பேகம் அவர்கள் மூன்றாம் வகுப்பு வரையே பள்ளியில் படித்தவர். 1938-இல் வெளிவந்த அவருடைய 'காதலா? கடமையா?' என்னும் நாவலுக்கு உ.வே. சாமிநாதையரே முன்னுரை வழங்கினார். பட்டம் பெறாத ஒரு முஸ்லிம் பெண்மணியின் எழுத்தை அத்துணைப் பெரும் புலவர் பொருட்படுத்தினார் என்றால், அதற்குக் காரணம் எழுத்தாக அன்றி வேறென்னவாக இருக்க முடியும்? படித்துப் பாராமல் புகழ்ந்து தரும் பத்து அணிந்துரைகளைக் காட்டிலும், படித்துவிட்டுக் குறை சொல்லும் ஒருவர் மேலானவர்.

மதிப்புரைக்காக இதழ்களுக்கு அனுப்புவோர் அவ்விதழ் எத்தகைய நூல்களை மதிப்பிடுகிறது என்று பார்த்து அனுப்ப வேண்டும். கடைகளில் வைப்பதாயின் நூற்றுக்கு 30, 40 என்று கழிவு கேட்பார்கள். ஆதலால் விலை குறிக்கும்போதே அதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 1977 முதல் சென்னையில் நடைபெற்று வரும் புத்தகக் காட்சியிலோ, மதுரைத் தமுக்கம் திடல் புத்தகத் திருவிழாவிலோ ஒற்றை நூலுக்காகக் கடை எடுத்தல் வீண்செலவு. அங்கே கடை வைத்திருக்கும் பதிப்பாளர் ஒருவரிடம் கேட்டுச் சில படிகளை வையுங்கள். பள்ளிவாசலுக்குள் விற்பனை ஆகாது என்பதை நினைவில் கொள்ளுங்கள். திருமண வீட்டில் தாம்பூலப் பையுடன் ஒரு நூலை வழங்கும் வழக்கம் சில குடும்பங்களில் காணப்படுகிறது. அது பரவுமாயின் நூறு மேடைகளைவிட நற்பயன் தரும்.

நூலின் பொருள் எங்கே விளங்குமோ அங்கே அதனைக் கொண்டு செல்வதே மெய்யான பரப்புதல். துணி விற்றவர் கதை, துணி வாங்கியவர் ஊர்களில்தான் முதலில் விற்றது. பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3-ஆம் நாள் நடந்த துப்பாக்கிச் சூட்டைத் தம் பாட்டன்மார் வாயால் கேட்டு வளர்ந்த மக்கள் வாழும் பகுதி இது. எழுதப்படாதது எவ்வளவு விரைவில் மங்கும் என்பதை இவர்களுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை.

படிப்போர்க்கும் ஒரு சொல்

இதுவரை எழுதுவோர்க்குச் சொன்னோம். இவ்விதழைக் குடும்பத்துடன் படித்துவரும் உங்களுக்கும் சொல்ல வேண்டியது ஒன்றுண்டு. உறவினர் ஒருவர் துணிக்கடை திறந்தால் முதல் நாளே சென்று காசு கொடுத்து வாங்குகிறோம். உணவுக்கடை திறந்தால் சாப்பிட்டுவிட்டுக் கூடுதலாகவே கொடுத்து வருகிறோம். அவரே நூல் எழுதினால் மட்டும், "எனக்கு ஒரு படி இல்லையா?" என்று கை நீட்டுகிறோம். அன்பால் கேட்பதாகவே நினைக்கிறோம். கேட்கப்படும் ஒவ்வொரு படியும் யாரோ ஒருவருடைய வளையலின் ஒரு துண்டு என்பது நம் நினைவுக்கு வருவதில்லை.

சீதக்காதியாக விளங்க எல்லோராலும் ஆகாது. 63 பேரில் ஒருவராக விளங்க எவராலும் ஆகும். உங்கள் தெருவில் எவரேனும் ஒரு தம்பியோ தங்கையோ எழுதுகிறார் என்று கேள்விப்பட்டால், ஒரு மாலைப்பொழுதில் அவரை வீட்டுக்கு அழைத்துப் படிக்கச் சொல்லுங்கள். முதியவர்களை அருகில் அமர்த்துங்கள். பிழை தெரிந்தால் அவரிடமே சொல்லுங்கள்; நன்றாக இருந்தால் பிறரிடம் சொல்லுங்கள். அச்சாகி வந்ததும் விலை கொடுத்து வாங்குங்கள். இறைவன் நாடினால், நம் வீடுகளில் பேசப்படாமல் மறையவிருந்த எத்தனையோ கதைகள் இவ்வாறு நூலாகி நம் பிள்ளைகள் கைக்குச் சேரும்.